அவர் தட்டும் அவள் தட்டும்

இரண்டு குழாய் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, "வியாழக்கிழமை வந்து பாருங்க" என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாளே லைட்டக்கா, அந்த வியாழக்கிழமை விடிந்துவிட்டது. அவளுக்குத்தான் எழுந்திருக்க மனசில்லை.

அலாரம் அடித்தது. அணைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. கடிகாரத்துக்கு இருக்கிற பிடிவாதம் தன் உடம்புக்கு இல்லையே என்று நொந்துகொண்டு காலைத் தரையில் ஊன்றினாள். பாதம் இரண்டும் பொம்மென்று இருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்தக் குழியும் அவளைப் போலவே அலுத்துக்கொண்டு மெதுவாக மேலே வந்தது.

நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் கால் வீங்கும். உட்கார்ந்து வேலை பார்க்கிற எனக்கு எதற்கு வீங்குகிறது என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

சமையலறை அலமாரிக் கதவில் அந்த அட்டை ஒட்டியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், "உங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி பழுதாயிட்டு வருது" என்று சொன்ன டாக்டர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டு அட்டை. பருப்பு இரண்டு ஸ்பூனுக்கு மேல் கூடாது. முட்டை கூடாது. மீன், கறி கூடாது. பயறு, கடலை பக்கமே போகக் கூடாது. அதை லைட்டக்கா கடையில் கொடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் டேப் ஒட்டி வைத்திருந்தாள். டேப் பழுத்தால் புது டேப். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டாமல் அனுப்பியதில்லை. "உன்னை மாதிரி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவளுக்கு என்று இருந்த பெருமை அது ஒன்றுதான், விட்டுவிடுவோம்.

அவள் வீட்டுக்காரர் டிரைவர் எழுந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றார். பதினெட்டு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். பதினான்கு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடக்கிறார். தெருவில் இன்னும் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர்.

"ரிசல்ட்டு இன்னிக்கா?"

"ஒன்பது மணிக்கு."

"நானும் வரட்டுமா?"

"வந்துட்டா அங்க மெஷின்ல யாரு படுத்துக்கறது? நானா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நாளைக்கு முன்னால் தெருக்குழாயடியில் கண் இருட்டிக்கொண்டு அவள் சரிந்தபோது தூக்கி வந்தவர் அவர்தான். அன்றிலிருந்து இப்படித்தான் காலைப் பார்ப்பதும், கையைப் பார்ப்பதும், ஏதோ சொல்ல வந்து முழுங்குவதுமாக இருக்கிறார். ஆபரேஷன் பயம் என்று லைட்டக்கா நினைத்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் தேதி. அவள் ஒரு கிட்னியைக் கொடுக்கப் போகிறாள், அவர் வாங்கிக்கொள்ளப் போகிறார். யாருக்குத்தான் பயமிருக்காது?

"நீ சாப்பிட்டியா?" என்றார்.

"ஷெட்டுல சாப்பிட்டுக்கறேன். அங்கதான் முட்டை மலையாக் குவிஞ்சு கிடக்குதே."

இது மூன்று வருஷமாகத் தினமும் சொல்லும் பொய். சொல்லிச் சொல்லி நாக்கில் வழவழப்பாகிவிட்டது.

முட்டைப் பண்ணையின் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஓர் இருட்டறை உண்டு. உள்ளே ஒரு மேஜை, மேஜைக்கு அடியில் விளக்கு. விளக்குக்கு மேலே உருளைகளில் முட்டைகள் உருண்டுகொண்டே போகும். வெளிச்சம் ஊடுருவும்போது ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்து எடுத்துப் போடுவதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் முட்டை அவள் கண்ணைத் தாண்டித்தான் வெளியூர் லாரிக்குப் போகும். அவள் கண்ணிலிருந்து ஒரு விரிசல் தப்பியதாகச் சரித்திரம் இல்லை என்பார்கள். அதனால்தான் லைட்டக்கா.

விரிசல் விட்ட முட்டையை விற்க முடியாது. ஷிஃப்ட் முடிகிறபோது ஆளுக்கு நாலாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். லைட்டக்கா தன் பங்கை ஒரு நாள்கூட வீட்டுக்குக் கொண்டு போனதில்லை.

ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பஸ் ஓட்டிய நாளில் ஒரே மூச்சில் நாலு முட்டை உரித்துச் சாப்பிடுகிற மனுஷன். அவர் அந்த அட்டைக்குக் கட்டுப்பட்டு வெறும் சோற்றையும், வேகவைத்துத் தண்ணீர் வடித்த காயையும் முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, தான் மட்டும் மஞ்சள் கருவைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வதா? முதல் வாரம் முயற்சி செய்து பார்த்தாள். தொண்டையில் இறங்கவில்லை. அன்றிலிருந்து அவர் தட்டில் என்னவோ அதுதான் அவள் தட்டிலும். மூன்று வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் அந்தச் சோற்றையும் சாப்பிட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

இன்றைக்கு எட்டரைக்கே கிளம்ப அனுமதி வாங்கியிருந்தாள். பக்கத்து மேஜை சோடாபுட்டியிடம் சொல்லிக்கொண்டாள். சோடாபுட்டிக்குக் கண்ணாடி தடிமன், மனசு மெல்லிசு. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறவள்.

"அக்கா, உங்க பங்கு?"

"வழக்கம்போல நீயே எடுத்துக்கோ."

"தினமும் எனக்கே குடுக்கறீங்களேக்கா. வீட்டுக்குத்தான் வேண்டாம், நீங்களாவது ரெண்டு வாயில போடக் கூடாதா?"

"எனக்கு முட்டையைப் பார்த்துப் பார்த்தே வயிறு நிறைஞ்சு போச்சுடி."

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு நிமிஷம்தான் பேசினார். அதில் ஒரு நிமிஷம் ரிப்போர்ட்டைப் புரட்டியதில் போய்விட்டது.

"பொருத்தம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இப்ப இருக்கற நிலைமையில உங்ககிட்ட இருந்து கிட்னி எடுக்க முடியாதும்மா."

"ஏங்க?"

"ரத்தம் ஒன்பதுதான் இருக்கு. புரோட்டீன் ரொம்பக் கம்மி. எடை நாற்பத்தொரு கிலோ. உங்களை மேஜையில படுக்கவெச்சா முதல்ல எனக்குத்தான் கை நடுங்கும்."

ஆறு வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்ப்போம், ஏறியிருந்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் தேதி வேறு ஒருவருக்குப் போய்விடும் என்றார். பொதுப் பட்டியலில் பெயரைப் போட்டுக் காத்திருக்கலாம், எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல முடியாது.

லைட்டக்காவுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். டிரைவரின் இடது கை ஊசி குத்திக் குத்தி அடைத்துப்போய்விட்டது. இப்போது வலது கையில் குத்துகிறார்கள். அதுவும் போனால் கழுத்தில் குழாய் வைக்க வேண்டும். கழுத்துக் குழாயோடு எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்?

டாக்டர் சீட்டில் ஏதோ கிறுக்கி, "மூணாம் நம்பர் ரூம். டயட்டீஷியனைப் பாருங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மூன்றாம் நம்பர் அறையில் இருந்த டயட்டீஷியன் சின்னப் பெண். மேஜை ஓரத்தில் பாதி கடித்த கொய்யாப்பழம் ஒன்று பேப்பரில் சுற்றி இருந்தது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள், முந்தாநாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதினாள். எழுத எழுத அவள் பேனா மெதுவாகிக்கொண்டே வந்தது.

"பருப்பு ரெண்டே ஸ்பூனா?"

"ஆமா."

"முட்டை, மீன், பயறு, கடலை எதுவும் இல்லை?"

"இல்லைங்க."

"ஒரு நாளைக்கு உங்களுக்கு ஐம்பது கிராமாவது புரோட்டீன் வேணும்மா. நீங்க சொல்றதைக் கூட்டினா இருபதைத் தாண்டாது."

லைட்டக்கா தயங்கினாள். வரும்போது மருந்துக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்த டப்பா ஞாபகம் வந்தது. புஜத்தை முறுக்கிக்கொண்டு ஒருவன் அதன்மேல் நின்றான். "அந்த வெளிநாட்டு டப்பா மாவு வாங்கணுங்களா?"

"எதுக்கு? இந்த ஊரைச் சுத்தி விளையறதே போதும். ஏரியில மீன் பிடிக்கிறாங்க. துவரை, பயறு, கடலை எல்லாம் பக்கத்துக் காட்டுலதான் வருது. பால் இருக்கு. ஒரு முட்டையில ஆறு கிராம் இருக்கும்மா. ஆமா, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"முட்டைப் பண்ணையில."

டயட்டீஷியன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கேட்காத கேள்விக்கும் லைட்டக்காவே பதில் சொன்னாள். வீட்டுக்காரருக்குக் கிட்னி போய்விட்டது, அவருக்கு எல்லாம் கட்டுப்பாடு, அதனால் தானும் அதே சாப்பாடுதான் என்றாள். சாட்சிக்குப் போனில் எடுத்து வைத்திருந்த அட்டையின் போட்டோவைக் காட்டினாள். சொல்லும்போது அந்தப் பழைய பெருமை லேசாக எட்டிப் பார்த்ததை மறைப்பானேன்.

அந்தப் பெண் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தாள். அப்புறம் அவளைப் பார்த்தாள்.

"அம்மா, இது டயாலிசிஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குடுக்கற அட்டை. அப்ப புரோட்டீன் ஏறினா கிட்னிக்குக் கஷ்டம், அதனால குறைக்கச் சொல்லுவாங்க. டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டா தலைகீழ். மெஷின்ல புரோட்டீனும் சேர்ந்து போயிடும். அதனால ஜாஸ்தி சாப்பிடணும். முட்டை, மீன் எல்லாம் குடுக்கணும். யாரும் சொல்லலையா?"

லைட்டக்காவுக்குக் காது அடைத்தது. பதினான்கு மாதமாக அந்த மனுஷனைப் பட்டினி போட்டிருக்கிறேன். டேப் மாற்றி மாற்றி ஒட்டிக் கொன்றிருக்கிறேன்.

"அப்ப அவரு..." என்று ஆரம்பித்தாள்.

டயட்டீஷியன் கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினாள். "மாசாமாசம் அவருக்கு எடுக்கிறோமே... இருங்க. அவருக்கு நல்லாத்தான் இருக்கு. பரவாயில்லையே, உங்களைவிட எவ்வளவோ மேல்."

"அது எப்படிங்க? ரெண்டு பேருக்கும் ஒரே சட்டிதானே?"

"வீட்டுச் சாப்பாட்டுல மட்டும் இந்த நம்பர் வராதும்மா. அவரு வெளியில எங்கயோ நல்லா சாப்பிடறாரு."

முட்டையில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. டயாலிசிஸ் நாளில் மட்டும் பழைய டிப்போ சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மூன்று மணிக்கு வருவார். வந்ததும் வராததுமாகச் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். ஒரு தடவை சட்டைக் கையில் மினுமினுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. பஸ்ஸில் யார் புடவை ஜிகினாவோ என்று தட்டிவிட்டாள். அது ஜிகினா இல்லை, மீன் செதில்.

இந்த ஊரில் அவருக்கு மீன் போடுகிறவள் ஒருத்திதான்.

படியிறங்கும்போது கால் தானாக ஒரு படி நின்று ஒரு படி வைத்தது. நாளையிலிருந்து பங்கு முட்டை வேண்டும். சோடாபுட்டியிடம் எந்த முகத்தோடு கேட்பது? அந்தப் பெண்களின் மத்தியானச் சாப்பாடே அதுதான். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மார்க்கெட் பக்கம் நடந்தாள்.

நாத்தனார் விவகாரம் பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி.

டிரைவரின் தங்கை மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் மாதம் ஒரு கூடை மீனோடு வாசலில் வந்து நின்று, "அண்ணி, இனிமே அண்ணன் மீன் சாப்பிடலாமாம்" என்றாள். லைட்டக்கா அலமாரி அட்டையைக் கையால் காட்டி, "எந்த டாக்டர் சொன்னாரு? மீன் டாக்டரா? மீன் வெட்டற நீ எனக்குச் சாப்பாடு சொல்லித் தர்றியா?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். கூடை திரும்பிப் போயிற்று. அதோடு நாத்தனாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. டிரைவர் உள்ளே நின்று எல்லாம் கேட்டார், வாயைத் திறக்கவில்லை.

மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓய்ந்து, குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் ஒரு பெரிய மீனைக் கத்தியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"என்ன மீன் வேணும்?"

"மீன் வேண்டாம். அவரு எங்க உட்காருவாரு?"

கத்தி நின்றது. நாத்தனார் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம் முகவாயால் பின்பக்கம் காட்டினாள்.

கடைக்குப் பின்னால் தார்ப்பாய் மறைப்பு. அதற்குள் மார்க்கெட் ஆட்களுக்குச் சோறு வடிக்கிற அடுப்பு, ஒரு முக்காலி. ஆணியில் நீலக்கரை துண்டு ஒன்று தொங்கியது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கொடியிலிருந்து காணாமல் போன துண்டு. பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாளே, அதே துண்டு. லைட்டக்கா அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நிற்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

நாத்தனார் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் லைட்டக்கா.

"நீங்க கூடையைத் திருப்பி அனுப்பினீங்களே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. முதல் வாரமே டயாலிசிஸ் நர்ஸ் அண்ணன்கிட்ட சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல அதுக்குத் தைரியம் இல்ல. என்னைச் சொல்லச் சொல்லிச்சு. நான் வந்தேன். மீதி உங்களுக்குத் தெரியும்."

"அவரே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க அந்த அட்டையை எவ்வளவு ஆசையா ஒட்டி வெச்சிருக்கீங்கன்னு சொல்லும். அதைப் பொய்யாக்க மனசு வரலைன்னு சொல்லும். அவளுக்கு என்ன, அவ ஷெட்டுல தினம் நாலு முட்டை சாப்பிடறா, எனக்காக ராத்திரிக்கு மட்டும் சும்மா இதைக் கொறிக்கறான்னுதான் நினைச்சுட்டு இருந்துச்சு."

லைட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். யார்மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. ஒளித்துச் சாப்பிட்ட அவர்மேலா, ஒளித்துப் பட்டினி கிடந்த தன்மேலா? கோபப்படுவதற்கும் கொஞ்சம் சாப்பிட்டிருக்க வேண்டும் போல.

ரிப்போர்ட்டை நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனாருக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆனால் டாக்டர் போட்ட சிவப்பு வட்டம் தெரிந்தது.

"எனக்கு ரத்தமே இல்லையாம். ஆறு வாரத்துல ஏறலைன்னா என்கிட்டேர்ந்து எடுக்க மாட்டாங்களாம்."

நாத்தனார் அடுப்படிக்குப் போனாள். தட்டை எடுத்தாள். சோறு வைத்தாள். பருப்பை ஒரு கரண்டி நிறைய எடுத்தவள், நின்றாள். "அண்ணனுக்குன்னா வேகவெச்ச தண்ணியை வடிச்சுக் கொட்டணும்னு நர்ஸ் சொன்னாங்க. உங்களுக்கு அது வேண்டாமே" என்று வேறு சட்டியிலிருந்து பருப்பை எடுத்து ஊற்றினாள். மேலே இரண்டு துண்டு மீன் வைத்தாள்.

லைட்டக்கா முதல் வாயை எடுத்தாள். மூன்று வருஷமாக மறந்துபோன வாசனை. கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினாள். இரண்டாவது வாயும் அப்படித்தான் போயிற்று. மூன்றாவது வாய்க்கு அவளுக்குப் பசித்தது. எத்தனை நாள் பசி அது என்று தெரிந்ததும் பயமாக இருந்தது.

"அன்னிக்கு நீ கூடையில கொண்டுவந்தது என்ன மீனு?"

"இதே ஏரி மீன்தான்."

"நான்தான் திருப்பி அனுப்பினேன்."

"ஆமா. நீங்கதான்" என்றாள் நாத்தனார். ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஆனால் இன்னொரு துண்டு மீன் தட்டுக்கு வந்தது.

வெளியே தரை கழுவுகிற தண்ணீர் கால்வாயில் விழுகிற சத்தம் கேட்டது. நாத்தனார் அடுப்பங்கரையில் குந்திக்கொண்டாள்.

"அண்ணி, இன்னொண்ணு இருக்கு. இதை நான் சொல்லக் கூடாது. சொல்லாம இருந்து இருந்துதான் நாம மூணு பேரும் இந்த லட்சணத்துல நிக்கறோம்."

"சொல்லு."

"போன வாரம் அண்ணன் ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போச்சு. என் பொண்டாட்டி கிட்னி எனக்கு வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துடுச்சு. டாக்டர் அதை மேஜைக்குள்ள போட்டுட்டாராம். ரிசல்ட்டு வரட்டும், அதுக்கப்புறமும் இதே மனசு இருந்தா வாங்கன்னு சொன்னாராம்."

லைட்டக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பத்து நாளாகக் காலையும் கையையும் பார்த்துப் பார்த்து அவர் முழுங்கியது இதைத்தானா?

தார்ப்பாய் விலகியது. டிரைவர் நின்றார். வலது கையில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி, மெஷினில் நாலு மணி நேரம் கிடந்த வெளுப்பு. தன் முக்காலியில் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு ஓடத் தெம்பு வேண்டுமே, அதுவும் இல்லை.

நாத்தனார் காலி மீன் பெட்டி ஒன்றை அவருக்குக் கவிழ்த்துப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும் தண்ணீர் வடித்த பருப்பும் மீனுமாக இன்னொரு தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, வெட்டாத மீனை வெட்டுகிற சாக்கில் முன்பக்கம் போய்விட்டாள்.

"ரிசல்ட்டு..." என்றார்.

"தேறலை. ஆறு வாரம் டைம் குடுத்திருக்காங்க."

அவர் தலை ஆடியது. ஏற்கெனவே தெரியும் என்கிற ஆட்டம்.

"முட்டை எல்லாம் யாருக்குக் குடுத்தே?"

"சோடாபுட்டிக்கு. நீங்க எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் முன்பக்கம் பார்த்தார். கத்திச் சத்தம் மட்டும் பலமாக வந்தது.

"அன்னிக்குக் குழாயடியிலேர்ந்து தூக்கினேன்ல" என்றார். "என் கையில ஒரு சுமையே தெரியலை. எனக்கு இருக்கற தெம்புக்கு ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது. உன்னைத் தூக்கிட்டு வீடு வரைக்கும் வந்துட்டேன். அப்பவே புரிஞ்சு போச்சு. உன்கிட்டேர்ந்து எடுத்து எனக்கு வெச்சுட்டு, நான் என்னத்துக்கு எழுந்து உட்காரணும்?"

அவள் தட்டைப் பார்த்தாள். மூன்றாவது துண்டு மீன் அப்படியே இருந்தது, நடுத்துண்டு, முள் குறைவு. கை பழக்கதோஷத்தில் தானாக வேலையைத் தொடங்கியது. நடுமுள்ளை உருவியது. பக்கத்து முள்ளை ஒவ்வொன்றாக நீக்கியது. சுத்தமான சதையை விரலில் எடுத்துக்கொண்டு அவர் தட்டை நோக்கிப் போயிற்று.

கை பாதி வழியில் நின்றது.

டிரைவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

அவள் அந்தத் துண்டைத் திருப்பிக் கொண்டுவந்து தன் வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை காலியில்லை. வாய் நிறைய மென்றுகொண்டே சொன்னாள்:

"ஆறு வாரம் இருக்குல்ல. அந்தப் பேப்பர் அதுவரைக்கும் மேஜைக்குள்ளயே கிடக்கட்டும். நீங்க முள்ளு பார்த்துச் சாப்பிடுங்க."

அவர் சரி என்று சொல்லவில்லை. தன் தட்டைத் தொடவும் இல்லை. அவள் மென்று முழுங்கி, அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.